தங்கச்சி கல்யாணமும் பாங்கு ஏஜண்டின் கேள்வியும்

கொப்பரை யாவாரத்துக்குப் புதுசாக வந்து கடை போட்டிருக்கிற ஒருத்தன் போன வாரம் என்னைப் பார்க்க வந்தான். பாங்கில் கொஞ்சம் பெரிய தொகை எடுக்கப் போனானாம். எதுக்கு என்று கேட்டார்களாம். இவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, களத்துக் கூலிக்கு இவ்வளவு, லாரி வாடகைக்கு இவ்வளவு, மாமனாரிடம் வாங்கின கைமாற்றுக்கு இவ்வளவு என்று வீட்டுக்கதை முழுவதையும் ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறான். பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்று கேட்டேன். கவனிக்கவில்லை என்றான். அவனுக்கு ஊற்றி வைத்த சாயாவை எடுத்து வெளியே கொட்டிவிடலாமா என்று எனக்கு வந்தது.

அவனிடம் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். எழுத்தில் தப்பு கண்டால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். நான் மூன்றாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தலையில் தேங்காய் உரித்த கதம்பை மட்டை சுமந்து ஆரம்பித்து, கோட்டாற்றில் இரண்டு களமும் ஒரு எண்ணெய் மில்லும் வைத்தவன். அதில் ஒரு ஓடுகூட அப்பன் கொடுத்தது இல்லை, மாமனார் கொடுத்ததும் இல்லை. ஒரு தோப்புக்குள் ஒரு நடை நடந்துவிட்டு வந்து, இதில் வருஷத்துக்கு எவ்வளவு கொப்பரை தேறும் என்று நான் சொன்னால் அது பிசகாது. அந்தக் காலத்தில் இந்த விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இப்போதும் கிடையாது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

காய் வெட்டுவது, காய வைப்பது, தரம் பிரிப்பது எல்லாம் களத்தில் போய் நின்றால் தானாக வரும். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. யாவாரத்தில் உங்களைக் கவிழ்ப்பது அதெல்லாம் இல்லை. நாலு பேர் முன்னால் ஒருத்தன் ஒரு கேள்வி கேட்பான். வாயில் எது முதலில் வருகிறதோ அதைச் சொல்லிவிடுவீர்கள். கவிழ்ப்பது அதுதான்.

நம்ம ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு கிடந்த கடைசிக் காலம் அது. புதுக்கடைப் பக்கம் ஒரு பெரிய குடும்பம், அவர்களுக்கு ஏகப்பட்ட தென்னந்தோப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை தோப்புகளைப் பாட்டத்துக்கு ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவனுக்கு அந்த வருஷத்துக் காய் முழுவதும் சொந்தம். அங்கே ஒரு சட்டம் உண்டு. ஏலம் விழுந்தால் அன்றைக்கு விளக்கு வைப்பதற்கு முன்னால் முழுத் தொகையையும் ரொக்கமாக மேஜையில் வைக்க வேண்டும். நாளைக்கு என்ற பேச்சு கிடையாது. வைக்காவிட்டால் அதற்குக் கீழே கேட்டவனுக்குத் தோப்பு போய்விடும். யாராக இருந்தாலும் அப்படித்தான்.

இதனால் கோட்டாற்றுக் கொப்பரைக்காரர்கள் அத்தனை பேரும் ஏலத்துக்கு முந்தின ஒரு வாரம் ஒருத்தரை ஒருத்தர் வேவு பார்ப்பார்கள். எவன் பாங்குக்குப் போகிறான், எவ்வளவு எடுக்கிறான் என்று தெரிந்துவிட்டால் போதும். அவன் அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்க முடியாது. அவன் மடியில் உள்ளதைக் காட்டிலும் ஐம்பது ரூபாய் கூடக் கொண்டுபோனால் தோப்பு உங்களுக்கு. அதனால் நாங்கள் எல்லாரும் ஏலத்தன்றைக்குக் காலையில், பாங்கு திறந்ததும் திறக்காததுமாகப் போய்ப் பணத்தை வாங்கிக்கொண்டு நேரே பஸ் ஏறிவிடுவோம்.

அந்த வருஷம் என் கண் ஆற்றங்கரைத் தோப்பில் இருந்தது. அது கடைசியில் ஏலத்துக்கு வரும் பெரிய தோப்பு. அதை எடுத்தால் நான் பெரிய யாவாரி. எடுக்காவிட்டால் இன்னும் பத்து வருஷம் சின்னத் தோப்புகளில் கிடந்து உருள வேண்டும். என் கணக்கில் இருந்தது எட்டாயிரத்துச் சொச்சம். சொச்சத்தை விட்டுவிட்டு எட்டாயிரத்துக்குச் செக் கொடுத்தேன்.

பாங்குக்குப் புது ஏஜண்டு வந்திருந்தார், இப்போது மானேஜர் என்கிறார்களே, அவர். வடக்கே எங்கேயோ ஊர். நல்ல படிப்பு, நல்ல சட்டை. எனக்கு முன்னால் ஒரு ஜமீந்தார் மாதிரி ஆள், ஜரிகை நேரியலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஏஜண்டு எழுந்து வந்து அவருக்கு நாற்காலி போட்டார். அவர் வாங்கின கட்டு என்னுடையதைவிடப் பெரிசு. எதுக்கு என்று ஒரு கேள்வி இல்லை. கும்பிட்டு வாசல் வரைக்கும் கொண்டுவிட்டார்.

பிறகு என் செக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். நான் துண்டு போட்டிருந்தேன், சட்டை இல்லை. மேலெல்லாம் கொப்பரை வாசம். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் நின்றோம். அதில் ஒருத்தர் வடசேரிக்காரருடைய கணக்கப்பிள்ளை. வடசேரிக்காரர் என்பது யாவாரத்தில் எனக்கு நேர் எதிரி. அவருடைய பெயர் இங்கே வேண்டாம், ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"எட்டாயிரம் யாரு? நீயா?" என்றார் ஏஜண்டு, அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி. "இவ்வளவு பணம் உனக்கு எதுக்கு?"

அவர் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு விதவை அம்மா, கணவன் வைத்துவிட்டுப் போன பணம் முழுவதையும் அதே பாங்கில் எடுத்து, ஒன்றை இரண்டாக்கித் தருகிறேன் என்று சொன்ன ஒரு நோட்டு இரட்டிப்புக்காரனிடம் கொடுத்துவிட்டாள். அவன் ஓடிவிட்டான். பாங்குக்குக் கெட்ட பேர். இனிமேல் பெரிய தொகை எடுப்பவர்களை விசாரிக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். சரி. அந்த அம்மாவை நினைத்தால் எனக்கும் வயிறு எரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜரிகை நேரியல் போட்டவரை ஏமாற்றுக்காரன் ஏமாற்ற மாட்டானா? துண்டு போட்டவனுக்குத்தான் புத்தி கிடையாதா? உள்ளே அரைக்கதவு போட்ட ஒரு அறை இருந்தது. அதற்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, மெதுவாகக் கேட்டால் அவர் வாயில் இருந்த முத்து உதிர்ந்துவிடுமா? அந்த அம்மாவையும் இவர் இப்படிச் சந்தையில் மாட்டை விசாரிக்கிற மாதிரி விசாரித்திருந்தால், அவளும் ஏதோ ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டுதான் போயிருப்பாள். சத்தம் போட்டுக் கேட்கிற கேள்விக்கு எவனும் உண்மை சொல்ல மாட்டான். இதைப் படித்தவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பது இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

கணக்கப்பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மட்டும் என் பக்கம். ஏலத்துக்கு என்று சொன்னால் என் கதை அங்கேயே முடிந்தது. சொல்லாமல் நின்றால் அவருக்குப் புரிந்துவிடும். அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வீட்டுல கல்யாணம்."

"யாருக்கு?"

"தங்கச்சிக்கு."

"மாப்பிள்ளை எந்த ஊர்?"

இதற்கும் பதில் சொல்ல வேண்டுமா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. "திருநெல்வேலிப் பக்கம்" என்றேன். சந்தோஷம் என்று சொல்லிவிட்டுச் செக்கில் கையெழுத்துப் போட்டார். பின்னால் நின்ற ஒருத்தர், நமக்குச் சாப்பாடு உண்டா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளையும் சிரித்தார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வடசேரிக்காரரைத் திசை திருப்பிவிட்டேன் என்று நினைத்தேன். நூறு ரூபாய் நோட்டாக வாங்கி மடியில் கட்டி, மேலே துண்டைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். என் தங்கச்சி தங்கம்மைக்கு உண்மையிலேயே கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீடு திருநெல்வேலி இல்லை. அதே புதுக்கடை. பையன் பள்ளிக்கூடத்து வாத்தியார். இரண்டு தடவை வந்து பெண் பார்த்தாகிவிட்டது. தங்கம்மைக்கும் மனசு அங்கேதான். அவளாக வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் புதுக்கடையிலிருந்து யார் வந்தாலும் அவள் கையில் தண்ணீர்ச் செம்பு தயாராக இருக்கும், அதில் தெரியாதா? அப்பன் இல்லாத வீடு. பேசி முடிக்க வேண்டியவன் நான். நிச்சயத்துக்கு நாள் குறிப்பது மட்டும் பாக்கி. மாப்பிள்ளையின் தாய்மாமன் புதுக்கடைச் சந்தையில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவர் சொன்னால்தான் அந்த வீட்டில் எதுவும் நடக்கும்.

நான் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் வடசேரிக்காரர் தன்னுடைய காரில் போய்ச் சேர்ந்துவிட்டார். கணக்கப்பிள்ளை அவரிடம் விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது, இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இவன் பணம் கல்யாணத்துக்கு, ஏலத்துக்கு வர மாட்டான் என்று நம்பி, அவரும் சின்ன யாவாரிகளை ஜெயிக்கிற அளவுக்கு ஆறாயிரம் மட்டும் கொண்டுவந்திருந்தார். அதுவரைக்கும் நான் நினைத்த மாதிரிதான் எல்லாம் நடந்தது. ஆனால் மனுஷனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. சந்தையில் இறங்கி, ஜவுளிக்கடைக்காரரிடம் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டே, கோட்டாற்று ஆள் தங்கச்சியைத் திருநெல்வேலியில் கொடுக்கிறானாமே, எட்டாயிரம் ரூபாய்க் கல்யாணமாமே என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு அந்தச் சம்பந்தப் பேச்சு தெரியாது. தெரிந்தே சொன்னார் என்று என் வீட்டில் சொல்லுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

ஏலம் ஒரு பெரிய பலாமரத்தடியில் நடந்துகொண்டிருந்தது. குடும்பத்துக் காரியஸ்தன் மேஜை போட்டு உட்கார்ந்து சின்னத் தோப்புகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தார். நான் வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரி ஓரமாக நின்றேன். ஆற்றங்கரைத் தோப்பு வரும்போது, வடசேரிக்காரர் குறைந்த தொகைக்குக் கேட்டு முடிக்கப் போகும் கடைசி நிமிஷத்தில், நான் வாயைத் திறப்பது என்று வைத்திருந்தேன். விளக்கு வைப்பதற்குள் பணம் புரளுமா என்று தெரியாமல் அந்த நேரத்தில் மேலே கேட்க அவருக்குத் துணிவு வராது. தோப்பு என் கையில் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் ஜவுளிக்கடை மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் சரியில்லை.

"தம்பி, நீரு திருநெல்வேலியில நிச்சயம் பண்ணியாச்சோ?"

நான் அவர் கையைப் பிடித்தேன். "மாமா, கொஞ்சம் அந்தப் பக்கம் வாங்க. எல்லாம் சொல்லுதேன்."

கையை உதறிவிட்டார். "அந்தப் பக்கம் எதுக்கு? எங்க பயலை நீரு வேண்டாம்னு வச்சது சந்தைக்கே தெரியும். என் கடையில துணி எடுக்க வந்தவன் எல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்கான். நீரு தனியா என் காதுல பறஞ்சா அதை நான் ஆருகிட்ட கொண்டுபோய்ச் சொல்ல? நாலு பேரு முன்னால கெட்டது நாலு பேரு முன்னாலதான் நல்லாவணும்."

"மாமா, ஏலம் முடியட்டும். ஒரு அரை மணி நேரம்."

"கருங்கல் ஊருல ஒரு பெண்ணு வீட்டுக்காரங்க எங்க பதிலுக்குக் காத்துக் கிடக்காங்க. நான் இங்கருந்து நேரே அங்கதான் போறேன். நீரு பதில் சொன்னா நிக்கேன். இல்லைன்னா போறேன்."

மக்கா, யாவாரத்தில் எத்தனையோ நெருக்கடி பார்த்தவன் நான். மில்லில் தீப்பிடித்ததையும் பார்த்தவன். அன்றைக்கு மாட்டின மாதிரி எங்கேயும் மாட்டினதில்லை. மடியில் எட்டாயிரம். பத்தடி தள்ளி வடசேரிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மேஜையில் இன்னும் இரண்டு சின்னத் தோப்பு பாக்கி, அதற்குப் பிறகு ஆற்றங்கரைத் தோப்பு. நான் இப்போது உண்மையைச் சொன்னால் வடசேரிக்காரருக்கு இரண்டும் தெரிந்துவிடும். நான் ஏலத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்பதும் தெரியும், என் கையில் எட்டாயிரத்துக்கு மேல் ஒரு காசு இல்லை என்பதும் தெரியும். புதுக்கடையில் அவருக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. இரண்டு தோப்பு விழுவதற்குள் அவர்களிடம் கேட்டு வாங்கிவிடுவார். சொல்லாமல் நின்றால் தோப்பு எனக்கு. தங்கம்மையின் வாத்தியார் கருங்கல்லுக்குப் போய்விடுவார்.

என்னை இப்படிக் கொண்டுவந்து நிறுத்தினது யார்? வடசேரிக்காரர் இல்லை. மாமா இல்லை. அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை, என் தங்கச்சியை வேறொருத்தன் அப்படிப் பண்ணியிருந்தால் நான் கையில் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். குளிர்ந்த பாங்குக்குள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, என் பணத்தை எனக்குத் தருவதற்கு என் வீட்டு விஷயத்தைக் கூவிக் கேட்டாரே, அந்த மனுஷன். அவருக்கு அன்றைக்கு மத்தியானம் வீட்டில் சாப்பாடு ருசியாக இருந்திருக்கும். நான் இங்கே இரண்டு பக்கமும் எரிந்துகொண்டு நிற்கிறேன்.

நான் கூட்டத்துக்கு நடுவில் வந்தேன். காரியஸ்தன்கூட ஏலத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"திருநெல்வேலியில எனக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது," என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "பாங்குல எதுக்குப் பணம்னு நாலு பேரு மத்தியில கேட்டான். வாயில வந்ததைச் சொன்னேன். அது பொய்யாக்கும். இந்தப் பணம் ஆற்றங்கரைத் தோப்புக்கு. என் தங்கச்சிக்குப் பேசியிருக்கிறது இந்த மாமா வீட்டுல மட்டும்தான்."

வடசேரிக்காரர் என்னைப் பார்த்தார். வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளையின் காதில் ஏதோ சொன்னார். கணக்கப்பிள்ளை சந்தைப் பக்கம் ஓடினார். நான் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். என்ன செய்ய முடியும்?

மாமா போகவில்லை. ஆனால் என் பக்கத்திலும் வரவில்லை. "பாங்குக்காரன்கிட்டப் பொய் சொன்னவன் எங்கிட்டச் சொல்லுதது மட்டும் நிசம்னு எப்படி நம்புததுக்கு?" என்றார். அவர் மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இரண்டு தோப்பு விழுந்தது. கணக்கப்பிள்ளை மேல்மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். ஆற்றங்கரைத் தோப்பை விட்டார்கள். நான் ஐயாயிரத்தில் ஆரம்பித்தேன், வடசேரிக்காரர் ஏறினார். ஒவ்வொரு நூறாக ஏறினோம். மற்றவர்கள் ஏழாயிரத்தில் விட்டுவிட்டார்கள். கடைசியில் நான் எட்டாயிரம் என்றேன். வடசேரிக்காரர் அவசரப்படவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எட்டாயிரத்து ஐம்பது" என்றார். காரியஸ்தன் என்னைப் பார்த்தார். மூன்று தரம் சொன்னார். தோப்பு போனது.

வடசேரிக்காரர் எழுந்து போகும்போது, "தங்கச்சி கல்யாணத்துக்குச் சொல்லி அனுப்பும் ஓய், தேங்காய் நான் தாறேன்" என்றார். கூட்டம் சிரித்தது.

மாமா சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து என் தோளில் கை வைத்தார். "பொய் சொல்லணும்னா, நான் கேட்டப்பம் நீரு சொல்லியிருக்கலாம். தோப்பைக் கையில வச்சுக்கிட்டு எங்களை ஏமாத்தியிருக்கலாம்" என்றார். பிறகு, "தை மாசம் வச்சுக்கிடலாமா?" என்று கேட்டார்.

ஒரு வருஷத்துக் காய் போனதுதான் மாமாவுக்கு நான் கொடுத்த சாட்சி. எட்டாயிரம் ரூபாய்த் தோப்பைக் கண் முன்னால் விட்டால்தான் என் வார்த்தை உண்மை என்று ஒருத்தர் நம்புகிற நிலைமை எனக்கு வந்தது. ஒரு மனுஷன் சத்தமாக ஒரு கேள்வி கேட்டான், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தால் அங்கே எனக்கு முன்னால் செய்தி வந்துவிட்டது. பாங்குப் பியூன் சாயக்கடையில் சொல்லி, சாயக்கடைக்காரர் என் சித்தியிடம் சொல்லி, எங்களிடம் சொல்லாமல் நிச்சயம் பண்ணிவிட்டீர்களே என்று சித்தி வந்து ஒரு மூச்சு அழுதுவிட்டுப் போயிருக்கிறாள். தங்கம்மை அடுப்படியில் இருந்தாள். முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"ஏண்ணே, எனக்குத் திருநெல்வேலியில மாப்பிள்ளை பாத்திருக்கியளாமே. ஆளு நல்ல நெறமா?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். புதுக்கடை, தை மாசம் என்று சொன்னபோது அவள் கையில் இருந்த கரண்டி நின்றது. அப்புறம் அடுப்பை ஊதினாள், ரொம்ப நேரம் ஊதினாள். கடைசியில், "அந்தப் பாங்குக்காரனுக்குக் கொஞ்சமாவது விவரம் இருந்திருக்கணும். எட்டாயிரம் செலவழிச்சுக் கல்யாணம் பண்ணுத ஆளு மாதிரியா நீங்க இருக்கிய?" என்றாள். அவள் வாய் அப்படித்தான். இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள், வாய் குறையவில்லை.

மறுநாள் எட்டாயிரத்தையும் கொண்டுபோய்ப் பாங்கில் திரும்பக் கட்டினேன். ஏஜண்டு இருந்தார். இவ்வளவு பணம் எங்கேயிருந்து வந்தது என்று ஒருத்தர் கேட்கவில்லை. கல்யாணப் பணம் ஏன் திரும்பி வருகிறது என்றுகூடக் கேட்கவில்லை. சட்டென்று எண்ணி உள்ளே தள்ளிவிட்டார்கள். நன்றாகக் கவனியுங்கள். பணம் உள்ளே போகும்போது அவர்களுக்கு உங்கள் மேல் ஒரு அக்கறையும் இல்லை. வெளியே வரும்போதுதான் அக்கறை பொங்கி வழியும். திருடன் கொண்டுவந்து போட்டாலும் அன்றைக்கு வாங்கி வைத்திருப்பார்கள்.

மார்கழி மாசம் தங்கம்மைக்குப் பொன் எடுக்க வேண்டி வந்தது. தட்டானிடம் அன்றைக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து மாமாவும் தட்டான் கடைக்கு வந்துவிட்டார். மூவாயிரத்துக்குச் செக் எழுதிக்கொண்டு பாங்குக்குப் போனேன். அதே கம்பி வலை, அதே கூட்டம். அதே குரல்.

"மூவாயிரம் எதுக்கு?"

உண்மையைத்தானே சொல்லப் போகிறோம் என்று நிமிர்ந்து நின்று, "தங்கச்சி கல்யாணத்துக்கு" என்றேன்.

ஏஜண்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "போன தடவையும் தங்கச்சி கல்யாணம்தானே? அது திருநெல்வேலி. இது எந்த ஊர்? உனக்கு எத்தனை தங்கச்சி?"

பின்னால் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது. என் தங்கச்சிக்கு எத்தனை கல்யாணம் என்று அவர் கேட்ட மாதிரி ஆகிவிட்டது. பத்திரிகை அடித்துக் கொண்டுவா, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார். பத்திரிகை அடிக்கவே அந்தப் பணம்தான் வேண்டும். அங்கே தட்டான் கடையில் மாமா உட்கார்ந்திருக்கிறார். நான் வெறுங்கையோடு போய் நின்றால், இவன் இன்னும் என்ன பொய் சொல்லியிருக்கிறானோ என்று அவர் எழுந்து போய்விடுவார். ஒரு தடவை தோப்பைக் கொடுத்துக் காப்பாற்றினேன். கொடுப்பதற்கு இப்போது என்னிடம் இன்னொரு தோப்பு இல்லை.

பொய் சொன்னேன், பணம் தந்தான். உண்மை சொல்கிறேன், தர மாட்டேன் என்கிறான். அப்படியென்றால் இவனுக்கு என் பதிலில் என்ன வேலை? அந்த நிமிஷம்தான் எனக்கு அது உறைத்தது. மூன்றாம் கிளாஸ் படித்தவனுக்கு அது உறைக்க ஒரு வருஷத்துக் காய் செலவாயிற்று. உங்களுக்கு இலவசமாகச் சொல்கிறேன்.

இரண்டு கையையும் கவுண்டர் பலகையில் ஊன்றினேன். என் சத்தம் அவர் சத்தத்துக்குக் கீழே இல்லை.

"எதுக்குன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லலைன்னா தர முடியாது."

"தர வேண்டாம். எழுதித் தாரும். இவன் பணம் இங்க கிடக்கு, எதுக்குன்னு சொல்லாததனால குடுக்கலைன்னு உம்ம கையால எழுதி, சீல் குத்தித் தாரும். நான் பேசாமப் போறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சிரித்தவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். ஒருத்தர் தன் செக்கை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார். இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பாங்கு என்றால் பாதி நம்பிக்கை, பாதி பயம். கதவைச் சாத்தின பாங்குகளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பாங்கு ஒருத்தனுக்குப் பணம் தர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்த தாள் சாயக்கடைக்குப் போனால், மத்தியானத்துக்குள் பாங்கு வாசலில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. பேனாவை எடுத்தார். தாளில் எழுதவில்லை. என் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கவுண்டருக்குள் தள்ளினார்.

பணத்தை வாங்கி எண்ணி மடியில் கட்டினேன். "ஆளைத் தெரிஞ்சுக்கிடணும்னா உள்ள கூட்டிட்டுப் போயி, இருக்கச் சொல்லிக் கேளும். எல்லாரையும் கேளும். நேரியல் போட்டவரையும் கேளும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்க மாட்டார்.

நீங்கள் இன்றைக்குப் பாங்குக்குப் போகிறீர்கள். கேட்பார்கள். ஏமாற்றுக்காரர்கள் பெருகிவிட்டார்கள், கேட்க வேண்டியது அவர்கள் வேலை என்கிறார்கள். கேட்கட்டும். தனியாகக் கேட்டால் மரியாதையாகச் சொல்லுங்கள், உள்ளதைச் சொல்லுங்கள். கூட்டத்தில் வைத்துக் கேட்டால் சொல்ல மாட்டேன் என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள், அது திமிர் இல்லை. வெட்கத்தில்தான் பொய் வருகிறது. பொய் வரும்போது அது கடையில் இருந்து வராது, வீட்டில் இருந்துதான் வரும். தங்கச்சி, அம்மா, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று அவர்களைத்தான் முன்னால் தள்ளிவிடுவீர்கள். அப்புறம் அவர்களை எடுத்து வெளியே விடுவதற்கு உங்கள் தோப்பு போகும்.

தை மாசம் கல்யாணம் நடந்தது. கோட்டாற்றுத் தெருவில் பாதிப் பேர் வந்தார்கள். வடசேரிக்காரர் சொன்ன மாதிரியே ஒரு வண்டித் தேங்காய் அனுப்பினார், ஆற்றங்கரைத் தோப்புக் காய், நானும் வாங்கி வைத்தேன். பாங்குக்கு மட்டும் பத்திரிகை வைக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஏஜண்டு என்னை ரோட்டில் பார்த்து நின்றார். தங்கச்சி கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா என்று கேட்டார், இந்தத் தடவை மெதுவாகத்தான் கேட்டார்.

"எதுக்குக் கேக்குதீரு?" என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு நடந்தேன்.